இருபது பாகம், கார்த்திகை

வம்பாகீரப்பாளையம்,
புதுச்சேரி.
5.12.2006

என் ஹேமாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீதான் விடுதிச் சோற்றில் இளைத்துவிட்டாய் என்று உழவர்கரையிலிருந்து வந்த உன் அப்பா புலம்பினார். உன் ஆராய்ச்சிக்கான கார்த்திகை மாத மீன் புட்டிகளை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஐந்து பாக ஆழத்தில் ஒன்று, இருபது பாகத்தில் ஒன்று. கை விரித்து அளந்த பாகத்தை உங்கள் சார் மீட்டராக்கிக்கொள்ளட்டும். பொடிமீனைப் பொறுக்கி, கெடாமலிருக்க நீ கொடுத்த மருந்தில் போடுவதைப் பார்த்து எதிர்வீட்டுச் சின்னப்பாப்பா, "யாருக்குடி லேகியம் கிண்டுற?" என்கிறாள். வலை இழுக்கும் புருஷன், புட்டி கழுவும் பெண்டாட்டி! பதினோரு மாதம் ஓடிவிட்டது. எப்போதடி டாக்டர் ஆவாய்?

உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி,
அன்னக்கிளி

சென்னை,
22.1.2007

அடி என் கிளி,

நீ அனுப்பியது புட்டியா, புதையலா? மற்ற மாதங்களில் இருபது பாகத்துப் புட்டியில் சங்கராவும் கணவாயும்தானே இருந்தன? கார்த்திகையில் பார்த்தால் கரையோரக் கிழங்கானும் வெள்ளை இறாலும் பொடி நண்டும்! மழைத் தண்ணீர் கலந்ததும் கரையோர உயிர்கள் ஆழத்துக்கு இறங்கியிருக்கும் என்கிறார் சார். என் ஆராய்ச்சியே இனி இதன்மேல்தான். மார்ச்சில் கொச்சி மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகிறேன். அந்த மழையிலும் உன் வீட்டுக்காரர் பக்கிரி அண்ணன் அவ்வளவு தூரம் போயிருக்கிறாரே! அவருக்கு என் நன்றியைச் சொல்.

சந்தோஷத்தில் தலைகால் புரியாத,
ஹேமலதா

வம்பாகீரப்பாளையம்,
29.1.2007

ஹேமா,

போனில் சொல்ல வாய் வரவில்லை. கார்த்திகையில் அவர் இருபது பாகத்துக்குப் போகவே இல்லை. "ஹேமாவுக்கு வாக்கு குடுத்துருக்கேன், ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பியவரை நான்தான் மறித்தேன். சுனாமியில் என் கூடப்பிறந்த அண்ணன் போனதிலிருந்து, கடல் கொஞ்சம் உறுமினாலும் இவரை நான் ஆழத்துக்கு விடுவதில்லை. கிட்டத்தில் வலை போட்டதோடு சரி.

ஒரு மாதம் விட்டாலும் வருஷமே வீண் என்று நீ சொல்லியிருந்தாய். அந்தப் பயத்தில் கரையோர மீனையே இரண்டு புட்டியிலும் போட்டு, ஒன்றில் இருபது என்று எழுதினேன். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பாவி, நீ அதை வைத்தே கோட்டை கட்டிவிட்டாய்! நான் எழுதியது அவருக்குத் தெரியாது. திட்டுவதென்றால் என்னைத் திட்டு. கொச்சியில் மட்டும் வாசித்துவிடாதே.

அன்னக்கிளி

சென்னை,
24.2.2007

அன்னக்கிளிக்கு,

இத்தனை நாள் உனக்கு எழுதக் கை ஓடவில்லை. அவ்வளவு ஆத்திரம். இன்னும் முழுசாகத் தீரவில்லை. சாரிடம் உண்மையைச் சொல்லிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டேன். "சிநேகிதியை நம்புனா இப்படித்தான்மா" என்றார். படிப்பு ஒரு வருஷம் தள்ளிப் போகிறது.

ஆனால், ஒரு மாதம்கூட விடக்கூடாது என்று படுத்தியது நான்தானே? கடல் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது உன்னைக் கேட்டேனா? அந்த வெட்கம்தான் ஆத்திரத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

வருகிற கார்த்திகையிலும் கடல் சரியில்லை என்றால் அண்ணனை விடாதே. இருபது பாகம் என்று எழுதிக் காலிப் புட்டியை அப்பாவிடம் கொடு. அது வந்தால் அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

ஹேமா