முழுப் பேரா, அரைப் பேரா?

என் அன்பு மரகதம் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷமாகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாததை, இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் கொழுந்து பறித்துவிட்டு, கினிகத்தேனையில் ஓர் அறை எடுத்து, தேயிலைத் தூளைப் பொட்டலம் பொட்டலமாகப் பக்கெட்டில் அடைத்து உன் பேரிலேயே விற்றாய். 'மரகதம் தேயிலை' கொழும்புக் கடைகள் வரை போனது. ஒரு விநியோகக் கம்பெனி ஒப்பந்தத்தோடு வந்தது. "எந்த லோயர்கிட்ட காட்டுறது தம்பி? நீதான் படிச்சவன்" என்று என்னிடம் வந்தாய்.

நான் வாத்தியார் அல்லவா, வகுப்பில் சொல்வதுபோல் உதாரணத்தோடு சொன்னேன். ஹட்டன் லோயர் ஓராசிரியர் பள்ளிக்கூடம் மாதிரி. காணி உறுதிப் பத்திரம், விவாகரத்து, பஸ் விபத்து, வியாபாரம் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே. கண்டியில் உள்ள சின்ன அலுவலகம் டியூசன் வகுப்பு. மூன்றே பேர், வியாபார ஒப்பந்தமும் பேர்ப் பதிவும் மட்டும். கொழும்பு நிறுவனம் பெரிய கல்லூரி, பாடத்துக்கு ஒருவர்.

"அப்ப டியூசனுக்கே போவோமே. எனக்கு ஒரு பாடத்துலதானே சந்தேகம்" என்று சிரித்தாய். நான்தான் கேட்கவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு நாமும் சளைத்தவர்களில்லை என்று காட்ட, கொழும்புக்கே கூட்டிப் போனேன்.

அந்தக் குளிரூட்டிய அறையில் இளம் சட்டத்தரணி ஒவ்வொரு பிரிவாக ஆங்கிலத்தில் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். பேர் பற்றிய பிரிவு வந்ததும் நீ சத்தமாகவே கேட்டாய்: "இதுல எனக்கு முழுப் பேரா, அரைப் பேரா? கேளு தம்பி."

தோட்டத்தில் முழுநாள் வேலைக்கு முழுப் பேர் போடுவார்கள், முழுச் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். பக்கெட்டில் உள்ள பேர் முழுக்க உனக்கே சொந்தமா என்று கேட்டாய். அதைவிடச் சரியான கேள்வி அந்த அறையில் அன்று எழவில்லை. எனக்கோ வெட்கம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துப் பேச்சை இங்கேயும் கொண்டுவந்துவிட்டாளே என்று கூசிப்போனேன். சட்டத்தரணி பேனாவை நிறுத்தி, "என்ன கேட்கிறார்?" என்றார். "நன்றி சொல்கிறார்" என்றேன். அவரிடம் கேட்காமலேயே உன் பக்கம் திரும்பி, "முழுப் பேருதான்க்கா" என்றேன். நீ கையெழுத்துப் போட்டாய்.

அவர் மேல் குற்றமில்லை. அவர் கேட்டார்.

பேரில் பாதி உரிமை கம்பெனிக்கு என்று அந்தப் பிரிவில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகு, அவர்கள் சம்மதமில்லாமல் உன் பேரை உன்னாலேயே அச்சிட முடியவில்லை. கடைசி மூன்று வருஷமும் பேரில்லாத வெள்ளைப் பையில் விற்றாய். "அந்த லோயரு சரியாத்தான் சொல்லியிருப்பாரு, நமக்குத்தான் வெளங்கல" என்று என்னையே தேற்றினாய். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கக் கூடாதா?

இப்போது உன் மகள் கவிதா அந்தப் பேரை மீட்கப் புறப்பட்டிருக்கிறாள். எந்த லோயர் என்று அவளும் என்னைத்தான் கேட்டாள். கண்டிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த பெண் சட்டத்தரணி தமிழிலேயே பேசினார். "கையெழுத்துப் போடுறப்ப அம்மாவுக்கு இத யாரு வெளக்கினது?" என்றுதான் முதலில் கேட்டார்.

"மாமாதான். வாத்தியாரு. ஒரு வார்த்த விட்டிருக்க மாட்டாரு" என்றாள் கவிதா.

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அக்கா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது, கினிகத்தேனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கவிதா, "அம்மா இருக்கிறப்பவே சொல்லியிருக்கலாமே மாமா. வேற லோயரையாவது பாத்திருப்பாங்கதானே" என்றாள்.

நடந்ததைச் சத்தியம் செய்து, சத்தியக் கடதாசியாக எழுதித் தர முடியுமா என்று சட்டத்தரணி கேட்டிருக்கிறார். அதனால் பேர் திரும்பக் கிடைக்கும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. வாத்தியார் சொந்த அக்காவிடமே பொய் சொன்னார் என்று ஊர் பேசும். பேசட்டும். செவ்வாய்க்கிழமை போய்க் கையெழுத்துப் போடுவேன். நீ கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரு சொல் மாற்றாமல் எழுதுவேன், அக்கா.

உன் கூடப் பிறந்த தம்பி,
சண்முகம்