இரண்டு விரல் வெளிச்சம்

அன்பு மச்சான் சூசை,

அங்கே வெளிச்சத்துக்குக் குறைவிருக்காது. இங்கே உன்னுடைய இருட்டு வாசகத்தை இந்தப் பெரிய வெள்ளி என்னிடம் தந்தார்கள். நீ கண்மூடி எட்டு மாதம். நாரந்தனை ஊர் முழுக்கத் தேடியும் வாசிக்க வேறு ஆள் கிடைக்கவில்லையாம். பாதர் அதை என் முகத்துக்கே சொன்னார்.

இந்தக் கடிதம் வேறு யார் கையில் கிடைத்தாலும் விளங்கட்டும். எங்கள் கோயிலில் அன்று மத்தியானம், எகிப்தின் மேல் விழுந்த மூன்று நாள் இருட்டையும் சிலுவையடியில் பகல் இருண்டதையும் வாசிக்கும்போது, யன்னல்களை ஒவ்வொன்றாகப் பூட்டுவோம். கடவுள் தீர்ப்புச் சொல்ல வந்தால் முதலில் வெளிச்சத்தைத்தான் எடுப்பார் என்று சனத்துக்குக் காட்ட.

இருபது வருடம் வாசித்தவன் நீ. யன்னல் பூட்டியவன் நான். உன் குரலுக்குச் சனம் விம்மியது. என் யன்னலுக்கு யார் அழுதார்கள்? "சூசை அண்ணை வாசிச்சா நெஞ்சு நடுங்குது" என்று என் மனைவியே எனக்குச் சோற்றில் சொதி ஊற்றிக்கொண்டு சொன்னாள். அந்தச் சொதியில் உப்பு இல்லை. அது அவளுக்குத் தெரியவில்லை.

வாசிப்பவருக்கு எழுத்துத் தெரிய, பக்கத்து யன்னலை மட்டும் இரண்டு விரல் திறந்து விடுவது வழக்கம். ஒரு வருடம் அதையும் இறுக்கிப் பூட்டினேன். இரண்டு இடத்தில் தடுமாறினாய். எனக்கு உள்ளுக்குள் திருவிழா. வெளியே வந்து, "இண்டைக்கு நல்ல இருட்டு, மச்சான்" என்றாய். அவ்வளவுதான். அடுத்த வருடமும், பிறகு வருசா வருசமும் பூட்டினேன். ஒரு சொல் பிசகவில்லை. எப்படியென்று கேட்கப் பொறாமை விட்டால்தானே?

இந்த முறை யன்னல் வேலை என் தங்கச்சிக்கு, உன் மனைவிக்கு. நான் புதுக் கண்ணாடி, தேய்த்துப் போட்ட சேட்டு. கடைசியில் என் பக்கத்து யன்னலும் இறுக்கிப் பூட்டுப்பட்டது. புத்தகம் கறுத்துப்போனது. வாயைத் திறந்தபடி நின்றேன். எகிப்து எனக்கென்றே வந்திருந்தது. அந்த அமைதியில் சனம் விம்மத் தொடங்கியது. பிறகு யன்னல் இரண்டு விரல் விலகியது. மிச்சத்தை வாசித்து முடித்தேன்.

வெளியே தங்கச்சியைப் பிடித்தேன். "நீங்கள் வருசா வருசம் அப்பிடித்தானே பூட்டினனீங்கள், அண்ணை," என்றாள். "அவர் தவக்காலம் முழுக்கக் குசினி அடுப்படியிலை நிண்டு பாடமாக்குவார். அண்ணை பூட்டுவார், ஒண்டும் கேக்காதை எண்டு எனக்கும் சொன்னவர்."

தெரிந்துகொண்டும் ஏனடா என்னை ஒரு சொல் ஏசவில்லை?

சனம் விம்மியது என் வாசிப்புக்குத்தான் என்று நினைத்தேன். பின்வரிசை மரியம்மாக்கா அதையும் பறித்தார்: "நீர் பேசாமல் நிக்கேக்கை சூசையை நினைச்சு அழுதனாங்கள்." செத்த பிறகும் கைதட்டு உனக்குத்தான். நானும் அழுதேன், இருட்டில் ஒருவரும் காணவில்லை. அந்தக் கண்ணீரையாவது எனக்கென்று வைத்துக்கொள்ளப் பார்த்தேன். ஏலவில்லை; அதுவும் உனக்குத்தான் போனது.

வருகிற தவக்காலம் நானும் குசினியில் நிற்பேன். எல்லா யன்னலையும் இறுக்கிப் பூட்டச் சொல்வேன். உன்னைவிடத் திறமாகச் சொல்வேன், இருந்து கேள். ஒன்று மட்டும்: என் தீர்ப்பு நாளில் அங்கே யன்னல் உன் கையில் இருந்தால், இரண்டு விரல் விட்டுவை.

உனக்கு இருபது வருடம் இருட்டுத் தந்த மச்சான்,
உன் மனைவியின் தமையன்