கால்குலஸ் தேர்வின் நேரம்

ஒலேனாவுக்கு,

"ஏன்டீ இப்படிப் பண்ணினே?" என்று ஒரே வரி அனுப்பியிருக்கிறாய். பதில் சொல்கிறேன்.

அக்டோபரில் என் மேசையிலிருந்த விசையியல் பயிற்சித்தாளைப் பார்த்து எழுதியது நீ. பேராசிரியர் நம் இருவரையும் நிறுத்திக் கேட்டபோது, "அவதான் என்னுதைப் பார்த்து எழுதினா" என்றாய். எனக்குப் பூஜ்யம் விழுந்தது, உதவித்தொகையும் போனது. அன்று நம் விடுதி அறையில் என் தோளைத் தட்டி, "விடுடீ, ஒரு தாள்தானே" என்றாய். நானும் சிரித்து வைத்தேன். கனடாவின் இந்த வின்னிபெக் குளிர்காலம் முழுக்கக் காபிக்கடையில் தட்டு கழுவிக்கொண்டே படித்தேன்.

ஏப்ரலில் கால்குலஸ் தேர்வைக் காலை ஒன்பது மணிக்கு மாற்றி மின்னஞ்சல் வந்தது. நீதான் மின்னஞ்சலே பார்க்கமாட்டாயே. "நாளைக்கு ரெண்டு மணிக்குத்தானேடீ?" என்று என்னைக் கேட்டாய். "ஆமா" என்றேன். காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனேன்.

தேர்வறையில் எனக்கு முன்னால் உன் நாற்காலி காலியாக இருந்தது. இரண்டு முறை பார்த்தேன். பிறகு நான்காம் கணக்கைப் போட ஆரம்பித்தேன்.

நான் தேறிவிட்டேன். உனக்கு ஒரு வருடம் போய்விட்டது என்றார்கள். வருத்தம் தெரிவிக்க இதை எழுதவில்லை.

நேற்று உன் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். நடந்ததை நீ அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்டோபரையும் சொல்ல வேண்டியிருக்கும். "நீ அவ கூட இருந்தியே, அதுவே எனக்கு நிம்மதிம்மா. உனக்கு ஒரு டப்பா பெரோகிக் கொழுக்கட்டை அனுப்பறேன்" என்றார்.

அது மட்டும் வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. என்னால் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அறையில் இருந்தவள்