கெடவிட்ட பால்

அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் மூட்டுவலி குறைஞ்சுதா? எனக்குத்தான் வயித்தெரிச்சல் தாங்கலை.

பதப்படுத்தின பாக்கெட் பால்லயும் தப்பிப் பிழைக்கிற கிருமிகளைப் பார்க்க, ஆய்வக ஃப்ரிட்ஜ்ல பாலைக் கெடவிட்டிருந்தேன். ‘தொடாதே’ன்னு எழுதி ஒட்டியும், பக்கத்து மேஜைக்காரர் நாத்தம்னு மொத்தத்தையும் கொட்டிட்டு, பாட்டிலைப் பளபளன்னு கழுவி வச்சிருக்கார். “நன்றி இல்லையா?”ன்னு வேற கேக்கறார்! கெட்ட பாலைக் காப்பாத்தத்தாம்மா எனக்குச் சம்பளமே.

கிருமி தனியா இருந்தா வாயே திறக்காது. கூட்டம் சேர்ந்தாத்தான் ரசாயனத்தைக் கசியவிட்டு ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். அதுங்க பேச ஆரம்பிச்ச நேரம் பார்த்துக் கொட்டிட்டார், படுபாவி!

பஸ் வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். நீ, அப்பா, அக்கா எல்லாரும் ஒரே நேரத்துல கத்துங்க. ‘ஒவ்வொருத்தரா பேசுங்க’ன்னு இனிமே அதட்ட மாட்டேன்.

உன் சின்னவ