கடலில் இறங்காமல் நனைந்த தலை

என் பிரியமான அத்தானுக்கு,

போன வருஷம் இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் 'பிரியமான' என்று போட்டிருக்க மாட்டேன். 'அத்தான்' என்றுகூடப் போட்டிருப்பேனா தெரியாது. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு சந்தேகம். உயிரோடு இருக்கிற புருஷன் மேல் சந்தேகம் வந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். படமாகிச் சுவரில் தொங்குகிறவரிடம் என்ன கேட்பது? எதைக் கேட்டாலும் சிரித்த முகமாகவே பார்த்தீர்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் குணம் உங்களுக்குத் தெரியாததா? கடையில் ஒரு பாவாடை எடுத்தாலும் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். நைட்டி தைத்துப் பிழைக்கிறவளுக்கு வெளிப்பக்கத்தை நம்பத் தோன்றாது. இத்தனை வருஷத்தில் நான் திருப்பிப் பார்க்காமல் விட்டது உங்களை மட்டும்தான்.

சந்தேகத்தைக் கொண்டுவந்து போட்டவள் பக்கத்து வீட்டுப் புஷ்பம். உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவள், உங்களைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னாள்.

"அண்ணன் மாதிரி ஒரு டிரைவர் கெடைக்காது செண்பகம். வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு எங்கள கன்னியாகுமரிக்கு வேன்ல கூட்டிட்டுப் போவாக. நாங்க அம்புட்டுப் பேரும் கடல்ல எறங்குவோம். அவிய மட்டும் எறங்க மாட்டாக, சங்குக் கடைப் பக்கம் போயிருவாக. செத்த நேரம் கழிச்சு வரும்போது பாத்தா தலையெல்லாம் ஈரமா இருக்கும்."

கடலில் இறங்காத மனுஷனுக்குத் தலை எங்கே நனைந்தது? யார் வீட்டில் குளித்தீர்கள்? புஷ்பம் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அமாவாசைக்கு முந்தின நாள் காலையிலேயே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு கிலோ பால்கோவா வாங்கி வருவீர்கள். நம் ராஜபாளையத்திலிருந்து கன்னியாகுமரி தெற்கே இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கே. தெற்கே போகிற மனுஷன் வடக்கே போய் வாங்கி வந்த அந்தப் பெட்டியில் எனக்கோ பிள்ளைக்கோ ஒரு வாய் கிடைத்ததில்லை. கேட்டால் "தெரிஞ்சவங்களுக்கு" என்பீர்கள். யாரோ வேன் ஸ்டாண்டுக்காரருக்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் உங்கள் செல்போன். அதில் 'ஜெசி கன்னியாகுமரி' என்று ஒரு பேர். ஒரு நாள் துணிந்து கூப்பிட்டேன். எடுத்தது பெண் குரல். "சொல்லுங்க அண்ணாச்சி, இந்தத் தடவ எப்ப வாறிய?" என்றாள். நான் வாயைத் திறக்காமல் போனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அண்ணாச்சி என்றுதானே கூப்பிட்டாள் என்பீர்கள். ஊருக்காக அப்படிக் கூப்பிடுவாள் என்று என் மனசு சொன்னது. சந்தேகம் வந்துவிட்டால் எந்தச் சொல்லும் நல்ல சொல்லாகக் கேட்பதில்லை.

நம் முருகேசனிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் வருஷ திவசம் முடிந்து, இந்த ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரிக்குப் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கிறேன் என்றான். நானும் வருகிறேன் என்றேன். "எள்ள எறைக்கதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும். நான் சரின்னாத்தான் எறைக்கணும்" என்றேன். அவன் முழித்தான். இன்னொருத்தியோடு பங்கு போட்ட புருஷனுக்கு என் பிள்ளை கையால் எள்ளும் தண்ணீரும் எதற்கு? அப்படி ஒன்று இருந்தால், திரும்பி வந்ததும் உங்கள் படத்தையும் இறக்கிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு கிலோ பால்கோவா வாங்கினேன். தூண்டில் போடுகிறவளுக்குப் புழு வேண்டாமா?

முந்தின நாள் மத்தியானமே போய் இறங்கிவிட்டோம். நானும் முருகேசனும் புஷ்பமும், தெருவில் இன்னும் பத்துப் பேரும். பாறைக்கும் சிலைக்கும் நடுவில் இப்போது கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள் அத்தான். காலுக்குக் கீழே கடல் தெரிகிறது. புஷ்பம் நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் கால் வைத்தேன். எல்லோரும் கீழே அலையைப் பார்த்தார்கள். நான் கரையில் சங்குக் கடைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அதற்கு முன்னால், பாறைக்குப் போகிற படகுக்கு வரிசையில் நின்றபோது ஒருவன் முத்துமாலையை லைட்டரால் சுட்டுக் காட்டி, "ஒரிஜினல்க்கா" என்றான். சுட்டால் கருகாததெல்லாம் முத்தா? பல நிறத்து மணலைப் பாக்கெட் போட்டு விற்றார்கள். சாயமா என்று எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். விற்றவள் முறைத்தாள். இவளாக இருக்குமோ என்று நானும் முறைத்தேன். சாயங்காலம் சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது. அதற்கும் கூட்டம் கைதட்டிப் போட்டோ எடுத்தது. எனக்கு அந்த ஊரில் எதிலும் நம்பிக்கை வரவில்லை.

அமாவாசை காலையில் கரையெல்லாம் தலையாகத் தெரிந்தது. முருகேசன் புரோகிதர் முன்னால் இடம் பிடிக்கப் போனான். நான் பால்கோவா பெட்டியை, பேர் வெளியே தெரிகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு சங்குக் கடை வரிசையில் நடந்தேன். கடைசிக்கு முந்தின கடையில் ஒருத்தி சோழிகளை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். அழகாகத்தான் இருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்துவிட்டாள்.

"ராஜபாளையமா? டிரைவர் அண்ணாச்சி வரலியா?"

"நான் அவிய வீட்டுக்காரி" என்றேன். போனில் கேட்ட அதே ஜெசி குரல்தான். அவள் முகம் மாறுகிறதா என்றுதான் பார்த்தேன். மாறியது. சந்தோஷமாக மாறியது.

"வாங்க மைனி" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கடைக்குள் திரும்பி, "ஏங்க, அண்ணாச்சி வந்துட்டாக போல, வாளிய எடுங்க" என்றாள். உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர் சிவப்பு வாளியோடு வந்து, எனக்குப் பின்னால் உங்களைத் தேடினார்.

"அவிய போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். ஜெசி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். "போன ஆடிக்கும் வாளிய வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் காத்துக் கெடந்தோம் மைனி. போன் பண்ணிப் பாத்தோம், போகல" என்றாள். பீரோவில் பூட்டி வைத்த போன் எப்படிப் போகும்?

"வாளி எதுக்கு?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாதா? அண்ணாச்சி கடல்ல கால் வைக்க மாட்டாகல்லா. பொண்டாட்டி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன்னு மொத தடவையே சொன்னாக. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கணும், கடல் தண்ணியில குளிக்காம முடியாது, ரெண்டு வாளி மோந்து தருவியளான்னு வந்து நின்னாக. அன்னையிலேருந்து இவியதான் மோந்து ஊத்துவாக. பின்னால கெடக்க அந்தக் கல்லு மேல உக்காந்து குளிப்பாக. அமாவாசத் தண்ணிக்குத் துட்டு வாங்க மாட்டோம்னுட்டோம். அதான் பால்கோவா."

அவள் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "நான் ஒருக்கக் கேட்டேன். 'அண்ணாச்சி, அவிய ராஜபாளையத்துல இருக்காக. நீங்க இங்க ஒரு முங்கு போட்டா அவியளுக்குத் தெரியவா போவுது'ன்னு. 'தெரியாதுதான். ஆனா தலை அவ தலையாச்சே'ன்னாக."

எந்தச் சத்தியம் என்று எனக்குத் தெரியவில்லை அத்தான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை இங்கே வந்தோம். முருகேசன் வயிற்றில் ஐந்து மாசம். குளித்துக்கொண்டிருந்த யாரையோ அலை இழுத்துப் போய், கரையில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அந்த மனுஷன் பெண்டாட்டி அழுத அழுகையைக் கேட்டு நான் நடுங்கிப்போய், உங்கள் கையை இழுத்து என் தலையில் வைத்து, "இனிமே கடல்ல கால் வைக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றேன். நீங்களும் சொன்னீர்கள். ஊர் திரும்புகிற வழியில் சங்கரன்கோவிலில் டீ குடிக்கும்போதே எனக்கு அது மறந்து போயிருக்கும். அதற்குப் பிறகு ஆடி மாசம் வந்தால் தையல் ஆர்டர். நான் இந்த ஊர்ப் பக்கமே வரவில்லை.

நான் மறந்துபோன ஒரு வார்த்தையை நீங்கள் சாகிற வரைக்கும் காப்பாற்றியிருக்கிறீர்கள். அந்த மனுஷனைத்தான் ஒரு வருஷமாக வைதுகொண்டிருந்தேன். வெட்கத்தில் எனக்கு அழுகைகூட உடனே வரவில்லை.

கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேனே. கேட்டால் சத்தியம் சின்னதாகிவிடும் என்று நினைத்தீர்களா? வேனில் வந்தவர்கள் எல்லாம் தண்ணீரில் ஆடும்போது, நீங்கள் ஈரமணல் வரை போய், அலை வரும்போது பின்னால் பின்னால் நகர்வீர்களாம். ஜெசி நடந்தே காட்டினாள். உங்களுக்கு இறங்க ஆசையாக இருந்ததா அத்தான்? இதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

முருகேசன் வந்து, "அம்மா, எள்ள எறைக்கட்டுமா?" என்றான். சரி என்று தலையை ஆட்டினேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். இடுப்பு வரைக்கும் தண்ணீர். அவன் எள்ளை இறைத்தான். நான் என் கையை எடுத்து என் தலையிலேயே வைத்து, "போதும், அவியளச் சத்தியத்துலேருந்து விட்டுட்டேன்" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் முங்கிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இனிமேல் யாரையும் சந்தேகப்பட மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். வேண்டாம். கொடுத்த வாக்கு எவ்வளவு கனம் என்று இப்போது தெரிந்துவிட்டது. முடிந்ததை மட்டும் சொல்கிறேன். என் காலுக்குத் தெம்பு இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் வந்து இந்தக் கடலில் இறங்கி நிற்பேன். நீங்களும் வாருங்கள். கரையில் நிற்க வேண்டாம். எம்புட்டு ஆழம் வேண்டுமானாலும் போங்கள் அத்தான். என் தலைக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் மாமன் மகள்,
செண்பகம்