வலது பக்கத்துக் கத்தரிக்கோல்

ஜூன் 3, செவ்வாய்

இன்று பதினோரு சட்டை. எல்லாம் பள்ளிச் சீருடை. நான் பாதியில் விட்ட பள்ளிக்கு நானே காலர் வைத்துத் தைக்கிறேன்.

கத்தரிக்கோல், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் அம்மாவுக்கு வலது பக்கம் வைத்தேன். இடது பக்கம் இருந்தால் அவள் கண்ணில் படாது. ஒரு வருடமாக இப்படித்தான். அவளுக்குத் தெரியாது.

ஜூன் 9, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. அம்மாவின் கண்ணுக்குள் அழுத்தம் இருபத்தாறு; இருபத்தொன்றைத் தாண்டக் கூடாதாம். வலியே இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுவிடுமாம். முன்பே கொடுத்த சொட்டு மருந்து எரிகிறதென்று அம்மா பாதி நாள் போடுவதில்லை.

“லேசர் பண்ணலாம். கத்தி கிடையாது, தையல் கிடையாது” என்றார் டாக்டரம்மா.

“தையல் இல்லாம அதென்ன வேலை? நான் இன்னும் ஊசியில நூல் கோக்குறேன். என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல.”

“நடுப் பார்வை கடைசியாத்தாம்மா போகும்.”

வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், அதுதான் சோதனை. அம்மா மெஷின் மிதிக்கிற தாளத்தில் விடாமல் அழுத்தியிருக்கிறாள். முடிவை நம்ப முடியாதாம். டாக்டரம்மா என்னிடம் கேட்டார்: “வீட்ல எதுலயாவது இடிச்சுக்கிறாங்களா?”

தரையைப் பார்த்துக்கொண்டு “இல்ல” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 10

அசதி. பொத்தான் துளைகளுக்குக் காஜா மட்டும் எடுத்தேன்.

ஜூன் 19, வியாழன்

சட்டைகளைக் கடையில் கொடுக்கப் போயிருந்தேன். உதவிக்கு வந்த சித்தி துணி தேய்த்துவிட்டு, சூட்டோடு பெட்டியை அம்மாவின் இடது பக்கம் வைத்திருக்கிறாள். அம்மா கையை நீட்டி — உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

“எங்கேருந்துடி வந்துச்சு அது, பிசாசாட்டம்?”

சித்தி மேல தப்பில்ல. நான்தான். எல்லாத்தையும் வலது பக்கமே ஒதுக்கி ஒதுக்கி வெச்சு, பார்வை போனது அம்மாவுக்கே தெரியாமப் பண்ணிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன், அம்மாவை வைத்துக்கொண்டே. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா, “ஒரு வருஷமாவாடி?” என்றாள்.

பிறகு, “லேசருக்கு என்னைக்கு வரச் சொன்னாங்க?”

ஜூன் 30

லேசருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கத்தான். இது போதாவிட்டால், பின்னால் கண்புரை எடுக்கும்போது, அழுத்தத்தைக் குறைக்க அரிசியைவிடச் சின்னக் குழாய் ஒன்றைக் கண்ணுக்குள் வைக்கலாமாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று பார்த்ததில் அழுத்தம் பதினேழு.

காலையில் கை பழக்கத்தில் கத்தரிக்கோலை வலது பக்கம் வைத்தேன். அம்மா அதை எடுத்து இடது பக்கம் வைத்தாள். வேண்டும்போதெல்லாம் தலையை மெல்லத் திருப்பித் தேடி எடுத்தாள். மதியத்துக்குள் கழுத்து வலி வந்துவிட்டது. கத்தரிக்கோலை மாற்றி வைக்க நான் எழுந்தேன்.

“உக்காரு. உன் காலரைப் பாரு.”