சிவப்பு விளக்கை நோக்கி

லிங்கராஜபுரம்,
6 ஜனவரி 2025

அன்புள்ள கிஷோர்,

நலம். புது வருடக் காலண்டர் வந்த நாளிலிருந்து உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன், அதனால்தான் தபால்.

முதல் பக்கத்திலேயே நாம் எடுத்த குதிரைத்தலை நெபுலா படம். கீழே ‘படம்: கிஷோர்’. இரண்டு குளிர்காலம் பனியில் உட்கார்ந்து சேர்த்த அந்த வெளிச்சத்தில் பாதி என் உழைப்பு. டெலஸ்கோப் என்னுடையது. பெயர் மட்டும் உன்னுடையது. வாழ்த்துகள்.

தை அமாவாசைக்குத் தங்கவயல் போகிறேன். அப்பா வேலை பார்த்த சுரங்கத்துக்குப் பின்னால் ஒரு மேடு. பெங்களூரைச் சுற்றி அவ்வளவு கறுத்த வானத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வா. மறுபடி சேர்ந்து எடுப்போம்.

சாலமன்

*

தொம்மலூர்,
12 ஜனவரி

டேய் சாலமன்,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்றே நினைத்தேன். ஐரின்தான் பிரித்தாள். “உங்க ஃப்ரெண்டு வாழ்த்துறாரா, சபிக்கிறாரா?” என்று கேட்டாள். “அவன் ரெண்டையும் ஒரே மூஞ்சியோடதான் பண்ணுவான்” என்றேன்.

இரண்டு பெயரும்தான் கொடுத்தேன் மச்சா. அச்சில் ஒன்றை வெட்டிவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் அத்தனை முறை போன் செய்தேன். நீ இல்லாமல் இந்தக் குளிருக்கு இரண்டு முறை போனேன். உருப்படியாக ஒரு படம் இல்லை. கட்டாயம் வருகிறேன். அங்கே பழைய சுரங்கக் குழி இருக்கிறது என்பாயே, பயமில்லையே?

உன் கிஷோர்

*

லிங்கராஜபுரம்,
17 ஜனவரி

அன்புள்ள கிஷோர்,

பழியை அச்சுக்காரர் மேல் போட்டிருப்பதைப் படித்தேன். இருக்கட்டும்.

குழி ஒன்றுதான். அதைச் சுற்றி வேலி போட்டு எத்தனையோ வருடமாகிறது. சும்னே வீணாகப் பயப்படாதே. நான் முன்னாலேயே போய் டெலஸ்கோப்பை நிறுத்திவிடுவேன். நீ நன்றாக இருட்டிய பிறகு வா. புளியமரத்தடியில் காரை விட்டு ஹெட்லைட்டை அணைத்துவிடு. டார்ச் வேண்டாம், வெள்ளை வெளிச்சம் பட்டால் படம் கெடும், உனக்கே தெரியும். ஒரு சிவப்பு விளக்கு வைத்திருப்பேன். அதைப் பார்த்து நேராக நடந்து வா.

ஐரினை அழைத்து வராதே. இடத்தையும் யாரிடமும் சொல்லாதே. தெரிந்தால் அடுத்த அமாவாசைக்குக் கூட்டம் வந்துவிடும்.

சாலமன்

*

தொம்மலூர்,
31 ஜனவரி

சாலமன்,

நீ சொன்னபடியே வந்தேன். ஹெட்லைட்டை அணைத்தேன். சிவப்பு விளக்கைப் பார்த்து நடந்தேன். பழக்கதோஷம், வழியில் நின்று கூப்பிட்டேன்: “மச்சா, ஓடுதா?” படம் பதிவாகும்போது கிட்டே நடந்தால் தரை அதிரும். கேட்காமல் நெருங்குவதில்லை என்பதுதான் இத்தனை வருடமாக நம் வழக்கம்.

“ஓடுது, நில்லு!” என்றாய்.

நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. விளக்கு எனக்கு நேர் எதிரே இருந்தது. உன் குரல் இடப்பக்கம் எங்கோ தள்ளி வந்தது. சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி டார்ச்சைப் போட்டேன். வேலி இல்லை. ஷூ முனைக்கு ஓரடி முன்னால் தரையும் இல்லை. விளக்கு குழிக்கு அந்தப் பக்கம்.

அந்த வெளிச்சத்தில் நீயும் என்னைப் பார்த்தாய். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

மேகம் வந்துவிட்டது என்று ஐரினிடம் சொல்லியிருக்கிறேன். போலீசுக்குப் போகவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். குழி வரை நடக்க வைத்தவன் நீ. நில் என்றவனும் நீதான். கடைசியில் மனசு கேட்கவில்லை, அப்படித்தானே? ஆமாம் என்று ஒரே ஒரு வரி எழுது. மற்றதையெல்லாம் மறந்துவிடுகிறேன்.

கிஷோர்

*

லிங்கராஜபுரம்,
6 பிப்ரவரி

கிஷோர்,

உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வானத்தை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. நில் என்றது அதற்காகத்தான். இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் பதிவு முடிந்திருக்கும். ‘வா’ என்று சொல்லியிருப்பேன்.

நீ டார்ச் போட்டதில் அதுவும் கெட்டது.

சாலமன்